சுகர் பேஷண்ட்டுக்குக் கொடுத்த காபி

நான் வகுப்பெடுப்பதை நிறுத்திய பிறகும், நர்ஸ்களுக்கு ஆங்கிலம் எடுக்கும் உங்களில் யாராவது போன் செய்து இந்தக் கேள்வியைக் கேட்காத வாரம் கிடையாது. "மேடம், நர்ஸ் பொண்ணுங்க பாஸ்ட் டென்ஸ் வர்ற இடத்துல 'ஹேவ்' போடறாங்க, 'ஹேவ்' வர்ற இடத்துல அத முழுங்கிடறாங்க. எப்படி மேடம் புரிய வைக்கிறது?" ஏதோ என்னிடம் ஒரு சூத்திரம் இருக்கிறது, அதை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்கிறேன் என்பது போலக் கேட்கிறீர்கள்.

சூத்திரம் எல்லாரிடமும் இருக்கிறது. 'யெஸ்டர்டே', 'லாஸ்ட் வீக்', 'அகோ' வந்தால் சிம்பிள் பாஸ்ட். 'ஜஸ்ட்', 'ஆல்ரெடி', 'யெட்', 'சின்ஸ்' வந்தால் பிரசென்ட் பெர்ஃபெக்ட். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் எல்லாப் பெண்களும் நிரப்பிவிடுவார்கள். பேசச் சொன்னால்தான் சிக்கல், ஏனென்றால் பேச்சில் யாரும் நமக்குக் கோடு போட்டுக் கொடுப்பதில்லை. நம் வாயில் 'சாப்ட்டேன்' என்ற ஒரே சொல் நேற்று சாப்பிட்டதற்கும் ஆகும், இப்போது வயிறு நிறைந்திருப்பதற்கும் ஆகும். ஆங்கிலத்தில் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறார்கள். நடந்து, அந்த நாளோடு அங்கேயே நின்றுவிட்டது ஒன்று. நடந்து, இன்றுவரை நம்மோடு வந்துகொண்டிருப்பது இன்னொன்று. இதை நான் எத்தனையோ வருடம் போர்டில் எழுதிக் காட்டியிருக்கிறேன். ஆனால் எனக்கே அது உறைத்தது கலையரசி என்ற பெண்ணிடம்தான். அந்தக் கதையைச் சொல்கிறேன். சூத்திரம் ஏதாவது அகப்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.

விழுப்புரத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில் இருந்தது எங்கள் சென்டர். வெளிநாட்டு மருத்துவமனைகளுக்குப் போக விரும்பும் நர்ஸ்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து, நேர்காணலுக்கும் தயார் செய்து அனுப்புவோம். அதை நடத்தியவரை எல்லாரும் பிரின்சிபால் என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனிதர். ஒரு பெண் தேர்வாகவில்லை என்றால் அவளைவிட அவர்தான் அதிகம் வாடிப்போவார். ஆனால் பயந்த சுபாவம். எந்தக் கேள்வி வந்தாலும் பதில் முன்கூட்டியே வாய்க்குள் தயாராக இருக்க வேண்டும் என்பது அவருடைய கட்சி.

அந்த நேர்காணல்களில் ஒரு கேள்வி தவறாமல் வரும். 'ஹேவ் யூ எவர் மேட் எ மிஸ்டேக் அட் வொர்க்?' வேலையில் எப்போதாவது தவறு செய்திருக்கிறீர்களா? இல்லை என்று சொன்னால் பொய் சொல்கிறாள் என்று நினைப்பார்கள். பெரிய தவறைச் சொன்னால் வேலை போய்விடும். அதனால் பிரின்சிபால் ஒரு சின்னத் தவறைத் தயாரித்து வைத்திருந்தார். ஒரு சுகர் பேஷண்ட்டுக்கு மறந்துபோய்ச் சர்க்கரை போட்ட காபியைக் கொடுத்துவிட்டேன். உடனே டாக்டரிடம் சொன்னேன். பேஷண்ட்டிடம் மன்னிப்புக் கேட்டேன். அதிலிருந்து கவனமாக இருக்கக் கற்றுக்கொண்டேன். வருகிற பெண்கள் அத்தனை பேரும் இதை மனப்பாடம் செய்வார்கள். ஒருத்தி காபி என்றால் இன்னொருத்தி டீ என்று மாற்றிக்கொள்ளலாம். பேஷண்ட்டை ஆணாக்கலாம், பெண்ணாக்கலாம். அவ்வளவுதான் அவர்களுக்கு இருந்த சுதந்திரம்.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. உங்கள் சென்டரில் எந்தக் கதை ஓடுகிறது என்று நான் இப்போது கேட்கவா?

கலையரசி கிளியனூர்ப் பெண். திண்டிவனத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. டியூட்டி இல்லாத நாட்களில் பஸ் பிடித்து எங்களிடம் வருவாள். வாங்குகிற அடியெல்லாம் உள்ளே வாங்கிக்கொண்டு வெளியே நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் முகம். முதல் நாள் வழக்கம்போல எந்த வார்டில் வேலை என்று கேட்டேன்.

"டோக்கன் குடுக்கறேன் மேடம்."

"டோக்கனா? நர்ஸ் படிச்சிட்டு டோக்கன் குடுக்கறியா?"

"ஆமா மேடம். முன்னாடி வார்டுலதான் இருந்தேன்."

ஏன் மாற்றினார்கள் என்று அடுத்து கேட்காமல் இருப்பது என் இயல்பே அல்ல. எங்கள் வீட்டில் என்னை வம்பு விசாரிப்பவள் என்றுதான் சொல்வார்கள். ஆனால் அவள் அதற்குள் புத்தகத்தை எடுத்துத் திறந்துவிட்டாள். அந்தத் திறப்பில், இதற்கு மேல் கேட்காதீர்கள் என்பது தெளிவாக இருந்தது.

வெளிநாட்டு வேலை அவளுக்கு எதற்கு என்பதில் மட்டும் ஒளிவு மறைவு கிடையாது. மற்ற பெண்கள் வீடு கட்ட வேண்டும், தம்பியைப் படிக்க வைக்க வேண்டும் என்பார்கள். இவள், "திரும்ப வார்டுல நிக்கணும் மேடம். இங்க யாரும் என்னைய வுடமாட்டாங்க" என்பாள். அவள் எழுதிப் பாஸான ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் காலாவதியாகும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் அவளுக்கு வாய்த்தது ஒரே ஒரு நேர்காணல். அதை விட்டால் டோக்கன் கவுண்ட்டர்தான்.

இப்போது என்னைத் தூங்கவிடாமல் செய்த விஷயத்துக்கு வருகிறேன். காபிக் கதையைச் சொல்லச் சொன்னால் கலையரசி தடுமாறித் தள்ளாடிவிடுவாள். ஒரு நாள் 'ஐ ஹேவ் கேவ்' என்பாள். மறுநாள் 'யெஸ்டர்டே ஐ ஹேவ் கிவன்' என்பாள். இன்னொரு நாள் பேஷண்ட் காபியைக் குடித்தாரா, குடித்துக்கொண்டிருக்கிறாரா, இனிமேல்தான் குடிக்கப்போகிறாரா என்று யாருக்கும் விளங்காது. திருத்துவேன். மனப்பாடம் செய்துகொண்டு வருவாள். மறுபடியும் வேறு இடத்தில் உடையும்.

ஆனால் அதே பெண் வகுப்புக்குத் தாமதமாக ஓடிவந்து, ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்ற எங்கள் விதிப்படி, மூச்சிரைக்கச் சொல்வாள்: 'ஐ மிஸ்ட் த ஃபர்ஸ்ட் பஸ், மேடம். ஐ ஹேவ்ன்ட் ஈட்டன் எனிதிங்.' முதல் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டாள், அது போனது போனதுதான். இன்னும் எதுவும் சாப்பிடவில்லை, பசி இப்போதும் இருக்கிறது. இரண்டும் அதனதன் இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கும். இது எப்படி?

எனக்கு ஆராய்ச்சி பிடித்துக்கொண்டது. கடலுக்குப் பக்கத்தில் குயிலாப்பாளையத்தில் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை பார்க்கும் அவளுடைய சித்தி மகளைப் பற்றிக் கேட்டேன். கடலுக்குப் போயிருக்கிறாயா என்று 'ஹேவ்' போட்டு ஆரம்பித்தேன். போயிருக்கிறேன் என்று அதே 'ஹேவ்' போட்டுப் பதில் சொன்னாள். யாரோடு, எப்போது என்று கேட்டதும் தானாகவே பாஸ்ட்டுக்கு இறங்கி, பொங்கலுக்கு மறுநாள் சித்தி மகளோடு போனது, செருப்பை அலை இழுத்தது, வெறுங்காலோடு பஸ் ஏறியது என்று கடகடவென்று சொல்லி முடித்தாள். ஒரு பிழை இல்லை. உடனே, காபிக் கதையைச் சொல் என்றேன். மறுபடியும் 'ஐ ஹேவ் கேவ்'.

நடந்ததைப் பேசும்போது வருகிறது, நடக்காததைப் பேசும்போது வரவில்லை. யோசித்துப் பாருங்கள், அதில் ஒரு நியாயம் இருக்கிறது. அலையில் செருப்பு போனபோது அவள் அங்கே நின்றாள். எது முடிந்தது, எது முடியவில்லை என்று அவள் காலுக்கே தெரியும். அந்தச் சுகர் பேஷண்ட் எந்தப் படுக்கையில் படுத்திருந்தார்? காபி கொடுத்தது யார்? அவருக்கு அப்புறம் என்ன ஆயிற்று? எதுவுமே தெரியாத ஒருத்தி எந்த டென்ஸைத்தான் போடுவாள்?

இதைப் பிரின்சிபாலிடம் போய்ச் சொன்னேன். "சார், நம்ம சுகர் பேஷண்ட்டுக்கு அப்புறம் என்னதான் ஆச்சி?"

"அவருக்கு என்னம்மா ஆவும்? நல்லாத்தான் இருப்பாரு."

"இத்தினி வருஷமா பேட்ச் பேட்ச்சா சர்க்கரை காபி குடிச்சிக்கினு இருக்காரே, அதான் கேட்டேன்."

"மேடம், உங்களுக்கு வெளையாட்டு. பொண்ணுங்க உள்ள போயி முழிச்சா யாரு பதில் சொல்றது?"

அவர் பயமும் நிஜம்தான். அதோடு விட்டேன். கலையரசியிடம் மட்டும் ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் கேட்டேன், நிஜமாகவே அவள் வேலையில் எந்தத் தவறும் செய்ததில்லையா என்று. பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். திரும்பவும் திறந்தாள், மூடினாள்.

"இருக்குது மேடம். அத சொன்னா எவன் வேலை குடுப்பான்?"

கேட்க வேண்டும் போலத் துடித்தது. கேட்கவில்லை. அவளுக்குப் பஸ்ஸும் வந்துவிட்டது.

நேர்காணல் எங்கள் சென்டரிலேயே நடந்தது. கணினித் திரையில் இங்கிலாந்திலிருந்து இரண்டு பேர். ஒருவர் நரைத்த முடியை ஒட்ட வெட்டிய ஆங்கிலேய அம்மா, அங்கே நர்ஸ்களுக்கெல்லாம் தலைவி. இன்னொருவர் நம் நாட்டிலிருந்து போய் அங்கே பல வருடமாக வேலை பார்க்கும் ஆண் நர்ஸ். இணைப்பு அறுந்தால் சரி செய்வதற்காக நான் அறை மூலையில், கேமராவுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கலாம். வாய் திறக்கக் கூடாது. கையில் ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொண்டேன், பெண்கள் எங்கெங்கே டென்ஸில் சறுக்குகிறார்கள் என்று குறித்துக்கொண்டு அடுத்த பேட்ச்சுக்குச் சொல்லலாமே என்று.

முதல் பெண் உள்ளே வந்தாள். நன்றாகவே பேசினாள். தவறு பற்றிய கேள்வி வந்தது. காபி கொடுத்தாள்.

இரண்டாவது பெண் டீ கொடுத்தாள். ஆண் நர்ஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்தார். மூன்றாவது பெண் கெட்டிக்காரி, கொஞ்சம் புதுமையாக இருக்கட்டும் என்று பாயசம் கொடுத்தாள். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அந்த நோயாளி இப்போது எப்படி இருக்கிறார்?" என்று கேட்டார். நான் கேட்ட அதே கேள்வி.

"ஹி இஸ் ஃபைன், மேடம்" என்றாள் அவள். அடுத்த மூச்சில், "ஷி இஸ் ஆல்சோ ஃபைன்" என்றாள்.

அந்த அம்மா கோபப்படவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. ஒரு டீ குடிக்கிற நேரம் இடைவேளை விடுகிறோம் என்றார். இந்த மூன்று பேரையும் கடைசியில் மறுபடி பார்க்கிறோம், ஆனால் இனிமேல் வருகிறவர்கள் தங்களுடையதைச் சொல்ல வேண்டும், இன்னொரு முறை அந்தப் பானக் கதை காதில் விழுந்தால் அந்த நேர்காணலை அங்கேயே முடித்துக்கொள்வோம் என்றார்.

வெளியே வந்து சொன்னேன். பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்கள் முகத்தில் ஈயாடவில்லை. பிரின்சிபாலுக்கு வியர்த்துவிட்டது.

"காபிய வுட்டுத்தள்ளுங்க மேடம். ஜல்தியா வேற ஒண்ணு எழுதிக் குடுங்க. ஊசின்னு வச்சிக்கலாமா? வேணாம், ஊசின்னா பயந்துருவாங்க. பெட்ஷீட்டு மாத்த மறந்துட்டேன்னு வைங்க."

"சார், இவங்க எல்லாரும் பெட்ஷீட்டு மாத்தலன்னா, அந்தம்மா இந்தியாவுல பெட்ஷீட்டே கெடையாதுன்னு நெனைச்சிக்கும்."

"பேஜாரு பண்ணாதீங்க மேடம். இப்ப இன்னாதான் பண்றது?"

அவர் கேட்டது நியாயம். அந்த நேரத்தில் எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. அவசரமாகப் புதுக் கதைகள் கட்டிக் கொடுக்கலாம், ஆளுக்கு ஒன்று. ஒன்றும் வாயில் நிற்காது, ஆனால் பயம் கொஞ்சம் குறையும். இல்லையென்றால் அவர்களை வெறுங்கையோடு, அவரவர் வாழ்க்கையோடு உள்ளே அனுப்பலாம். அதில் என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. நான் நினைத்தது தவறானால் அத்தனை பெண்களின் வாய்ப்பும் போகும். பஸ்ஸில் செருப்பில்லாமல் ஏறியதைப் பிழையில்லாமல் சொன்ன ஒரே ஒரு பெண்ணை நம்பி இந்த முடிவை எடுக்கலாமா?

"யாரும் எதையும் மனப்பாடம் பண்ணாதீங்க" என்றேன். "டியூட்டி முடிஞ்சி வூட்டுக்குப் போயி, சோறு எறங்காத நாளுன்னு ஒண்ணு எல்லாருக்கும் இருக்கும். அத சொல்லுங்க."

"கிராமர், மேடம்?" என்றாள் ஒருத்தி.

"கிராமர நான் பார்த்துக்கறேன்" என்றேன். மூலையில் வாயை மூடிக்கொண்டு உட்காரப்போகும் நான் அதை எப்படிப் பார்த்துக்கொள்வேன் என்று யாரும் கேட்கவில்லை. நல்லவேளை.

அடுத்தது கலையரசி. கதவுக்குப் பக்கத்தில் நின்று என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"மேடம், எங்கிட்ட இருக்கறது ஒண்ணே ஒண்ணு. அத சொன்னா எல்லாமே போயிடும்."

அது என்ன என்று கேட்க நேரமில்லை. என் வாழ்க்கையில் ஒரு விஷயத்தைக் கேட்காமல் முடிவு சொல்ல வேண்டி வந்தது அப்போதுதான். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டேன்.

"அது முடிஞ்சிபோச்சா, இல்ல இன்னும் உங்கூட வந்துக்கினு இருக்குதா?"

கொஞ்சம் யோசித்தாள். "வந்துக்கினேதான் இருக்குது மேடம்."

"அப்ப அதையே சொல்லு."

உள்ளே போனாள். நான் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டேன். அந்த அம்மா கேட்டார். கலையரசி ஆரம்பித்தாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் சொல்கிறேன்.

ஓமந்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வயதான விவசாயி, குடலிறக்க ஆபரேஷனுக்காக வந்து படுத்திருந்தார். காலையில் ஆபரேஷன். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னால் வயிறு காலியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போய் உயிருக்கே ஆபத்தாகிவிடும். அதனால் வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று கலையரசி அவருடைய மனைவியிடம் சொன்னாள். சொல்லியாயிற்றா என்று மூத்த நர்ஸ் கேட்டதற்கு, சொல்லிவிட்டேன் என்றாள். அத்தோடு அந்த வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டாள்.

காலையில் மனைவி மருந்து வாங்கக் கடைக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து சம்பந்தி வீட்டார் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ஆஸ்பத்திரிக்கு யாராவது வெறுங்கையோடு வருவார்களா? தூக்குவாளியில் கேப்பைக் கூழ் கரைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். சம்பந்தி கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல அந்தப் பெரியவருக்கு வாய் வரவில்லை. அவர்கள் மனதுக்காகக் கொஞ்சம் குடித்துவிட்டார்.

கலையரசி தள்ளுவண்டியோடு வந்தபோது அவர் மீசை நுனியில் கூழ் ஒட்டியிருந்தது. அவள் பார்த்தாள். ஈரப் பஞ்சை எடுத்துத் துடைத்தாள்.

"துடைத்தீர்களா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"துடைத்தேன். யாரையும் அழுக்கு முகத்தோடு ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகமாட்டேன். அது என் பழக்கம். கண் பார்த்தது, கை துடைத்தது, நான் யோசிக்கவே இல்லை."

தியேட்டர் வாசலில் மயக்க மருந்து டாக்டர், ஒன்றும் சாப்பிடவில்லையே என்று கேட்டார். அவர் ஒவ்வொரு நாளும் கேட்பது. இல்லை சார் என்றாள். அவள் ஒவ்வொரு நாளும் சொல்வது. வண்டி பாதி உள்ளே போய்விட்டது. அந்தப் பஞ்சு இன்னும் அவள் கைக்குள்ளேயே இருந்தது. முகத்தில் வியர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். புளித்த கூழ் வாசனை வந்தது.

"சார், நிறுத்துங்க என்று கத்தினேன்" என்றாள் கலையரசி.

ஆபரேஷன் தள்ளிப்போயிற்று. எல்லார் முன்னாலும் டாக்டர் திட்டினார். சம்பந்தி வீட்டார் திட்டினார்கள். முதலில் இல்லை என்று சொன்னதற்காக நிர்வாகம் அவளை வார்டிலிருந்து எடுத்து டோக்கனில் உட்கார வைத்தது. எல்லாரும் திட்டி முடித்த பிறகு, திரும்ப வார்டுக்குக் கொண்டுபோகும்போது, அந்தப் பெரியவர் படுத்தபடியே அவளிடம் ஒன்று சொன்னார். அந்த இடத்துக்கு வந்ததும் அவளுக்கு ஆங்கிலம் வரவில்லை. தமிழிலேயே சொன்னாள், அவர் சொன்ன மாதிரியே:

"என்னைய யாருமே கேக்கலயே பொண்ணு. கேட்டிருந்தா, குடிச்சேன்னு சொல்லியிருப்பேனே."

பிறகு அவளே மெதுவாக அதை ஆங்கிலத்தில் சொன்னாள். நாங்கள் அவர் மனைவியிடம் சொன்னோம். எங்களுக்குள் கேட்டுக்கொண்டோம். அவரை மட்டும் கேட்கவில்லை.

திரையில் அந்த அம்மா முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். "நீங்கள் ஏற்கெனவே இல்லை என்று சொல்லிவிட்டீர்கள். அப்படியே இருந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்?"

"யாருக்கும் தெரியாது. அவருக்கு ஏதாவது ஆகியிருந்தாலும் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்."

"அதன் பிறகு?"

"அன்றிலிருந்து நான் வார்டுக்குள் போகவில்லை."

அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வழக்கமான கடைசிக் கேள்வி வந்தது. எங்களைக் கேட்க உங்களிடம் ஏதாவது கேள்வி இருக்கிறதா? இதற்கும் பிரின்சிபால் பதில் சொல்லிக்கொடுத்திருந்தார், 'நோ மேடம், தேங்க் யூ'. கலையரசி அதைச் சொல்லவில்லை.

"இருக்கிறது மேடம்" என்றாள். "எனக்கு வேலை கொடுத்தால், என்னை வார்டில் விடுவீர்களா?"

அந்த அம்மாவுக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. புருவத்தைச் சுருக்கினார்.

"நீங்கள் ஒரு நர்ஸ்" என்றார். "வார்டைத் தவிர வேறு எங்கே உங்களை வைத்துக்கொள்வோம்?"

நான் அழுதேன். கேமராவுக்குத் தெரியாமல்தான், ஆனால் அழுதேன்.

அன்று மிச்சமிருந்த பெண்களும், திரும்ப உள்ளே போன மூன்று பேரும், அவரவர் சோறு இறங்காத நாளைச் சொன்னார்கள். சிலருக்கு வேலை கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை. சொந்தக் கதை சொன்ன எல்லாருக்கும் வேலை கிடைத்தது என்று நான் சொன்னால், அது இன்னொரு காபிக் கதை ஆகிவிடும். கலையரசிக்குக் கிடைத்தது. இப்போதும் அங்கே வார்டில்தான் இருக்கிறாள். ஒவ்வொரு பேஷண்ட்டையும் தியேட்டருக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் அவர்களையே நேராகக் கேட்கிறாளாம். வெள்ளைக்காரத் தாத்தாக்கள் யாருக்கும் மீசை இல்லாதது ஒன்றுதான் குறை என்று எனக்கு வாய்ஸ் மெசேஜில் சொன்னாள்.

பிரின்சிபால் திருந்திவிட்டார் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அடுத்த வாரம் என் மேசைக்கு வந்து தயங்கித் தயங்கி நின்றார். "மேடம், அந்தக் கூழு கதை நல்லா எடுபட்டுச்சில்ல? அத அடுத்த பேட்ச்சு பொண்ணுங்க எல்லாருக்கும் குடுத்துடலாமா?" என்றார். நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

நீங்கள் கேட்ட கேள்விக்கு இதில் பதில் எங்கே என்று தேடுகிறீர்கள். தேடுங்கள். நானும் அப்படித்தான் தேடினேன். அன்று நேர்காணல் முடிந்து கலையரசி வெளியே வந்தாள். மாடிப்படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். வேலை கிடைக்குமா என்று கேட்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது அது இல்லை.

"மேடம், 'ஹேவ்' எல்லாம் கரெக்டா போட்டனா?"

கையிலிருந்த தாளைப் பார்த்தேன். முதல் மூன்று பெண்களின் பிழைகள் வரிசையாக இருந்தன. கலையரசி என்று பெயர் எழுதி, அதற்குக் கீழே கோடும் போட்டிருந்தேன். அதற்கப்புறம் ஒன்றும் எழுதவில்லை.

"தெரியலம்மா" என்றேன். "அந்தப் பெரியவருக்கு இன்னா ஆச்சோன்னு கேட்டுக்கினு இருந்துட்டேன்."